போனைத் தொடுவதற்கு முந்தின நிமிடம்

ரீல்ஸ் பார்க்கும் பழக்கத்தைக் குறைக்க நினைத்தால், எடுத்த எடுப்பிலேயே இன்ஸ்டாகிராம் ஆப்பை அழித்துவிடாதீர்கள். ஒரு வாரம் அது இருக்கட்டும். மேசையில் ஒரு சின்ன நோட்டை வையுங்கள். ரீல்ஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று உறைக்கும்போதெல்லாம், போனை எடுப்பதற்கு முன் என்ன நடந்தது என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள். எவ்வளவு நேரம் பார்த்தோம் என்ற கணக்கு வேண்டாம், அது போனிலேயே இருக்கிறது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது துணி வாங்கும் பையருக்கும் தயாரிப்புப் பிரிவுகளுக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. என் நோட்டில் இருந்தவை: "லேப் டிப் ரிஜெக்ட்" (சாயமிட்ட மாதிரித் துணியின் நிறத்தைப் பையர் ஏற்கவில்லை), "பையர் மெயில்", "டையிங்கிலிருந்து துணி வரல" (டையிங் என்றால் சாயப்பட்டறை), "அம்மா போன், கல்யாணப் பேச்சு". சும்மா பொழுது போகாமல் எடுத்தது குறைவுதான். பையருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் இன்ஸ்டாகிராமுக்குள் போவேன். திரும்பி வந்தால் மெயில் அப்படியே இருக்கும், ஷிப்மென்ட் தேதி மட்டும் இன்னும் நெருங்கியிருக்கும். பதட்டம் கூடும், மறுபடி கை போனுக்குப் போகும்.

ஆகவே இந்தச் சுழலை அறுக்க வேண்டியது அந்த முந்தின நிமிடத்தில். நோட்டில் அடிக்கடி வரும் ஒன்றை எடுத்து, போனைத் தொடுவதற்கு முன் செய்யக்கூடிய மிகச் சின்ன வேலை ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். மெயில் என்றால் "பார்த்துவிட்டேன், மாலைக்குள் தேதி சொல்கிறேன்" என்று ஒரே வரி. துணி வரவில்லை என்றால் டையிங் யூனிட்டுக்கு ஒரு போன், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. கல்யாணப் பேச்சுக்கு இப்படிக் கைவசம் மருந்து கிடையாது. ஒரு தோழியைக் கூப்பிட்டுப் புலம்பலாம். வாட்ஸ்அப்பில் டைப் செய்து அல்ல, வாயால்.

அப்புறம்தான் டைமர். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்க்ரீன் டைம். பூஜ்ஜியமாக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடம் மட்டும் பார்த்தார்கள். 3 வாரத்தில், வழக்கம்போலப் பார்த்தவர்களைவிட அவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. டைமர் அடித்ததும் "இன்னும் 15 நிமிடம்" என்று நாமே அனுமதி கொடுத்துக்கொள்வோம், அது தெரிந்ததுதான். ஐபோன் என்றால் ஸ்க்ரீன் டைமுக்கான கடவு எண்ணைத் தங்கையையே வைக்கச் சொல்லிவிடுங்கள். ராத்திரி சார்ஜர் ஹாலில், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம்.

பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க, நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த 6 கேள்விகள் உண்டு. கடந்த ஒரு வருடத்தில் எப்போதும் அதே நினைப்பா? இன்னும் அதிகம் பார்க்கத் தோன்றுகிறதா? சொந்தக் கஷ்டத்தை மறக்கப் பார்க்கிறீர்களா? குறைக்கப் பார்த்து முடியவில்லையா? பார்க்க முடியாவிட்டால் இருப்புக்கொள்ளவில்லையா? வேலையோ படிப்போ கெட்டதா? பலவற்றுக்கு "அடிக்கடி" என்றால் கவனிக்க வேண்டும். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் முக்கியமான கேள்வி, மற்றவை பெரும்பாலும் அதன் வால்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. எங்கள் செக்‌ஷனில் ஒரு பெண் திடீரென்று போனையே தொடுவதில்லை. வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அவள் டீ டைமில் பேசுவதும் நின்றிருந்தது, டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பிப் போனது. ரீல்ஸ் உட்பட எதிலுமே அவளுக்கு நாட்டம் இல்லாமல் போயிருந்தது. டாக்டர் அதை மனச்சோர்வு என்றார், மருந்தும் ஆலோசனையும் ஆரம்பித்தார்கள்.

இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு கிடந்தாலோ, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனாலோ, கூடவே தூக்கமும் பசியும் மாறி, உடம்பு எழவே மறுத்தாலோ, நோட்டும் டைமரும் போதாது. மனச்சோர்வு உள்ளவர்கள் போனுக்குள் ஒதுங்குவதும் உண்டு, போனில் தூக்கம் கெட்டு சோர்வு மோசமாவதும் உண்டு. எது முதலில் வந்தது என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அந்த நிமிடமே கூப்பிடுங்கள், பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள். லீவு கேட்கத் தயக்கமாக இருந்தால் "ஆஸ்பத்திரி போகணும்" என்று சொன்னால் போதும், எந்த டாக்டர் என்று மேனேஜருக்குத் தெரிய வேண்டியதில்லை.