ப்ரிஃபர் (prefer) வந்தால் 'தேன்' (than) வேண்டாம்
காபியைவிட டீ பிடிக்கும் என்பதை நம்மில் பலர் 'ஐ ப்ரிஃபர் டீ தேன் காபி' என்கிறோம். தமிழில் 'விட' வந்ததும் ஆங்கிலத்தில் 'தேன்' போடப் பழகிவிட்டோம். ப்ரிஃபருக்குப் பின் 'டு' வர வேண்டும்: 'ஐ ப்ரிஃபர் டீ டு காபி'. செயலுக்கும் அப்படித்தான்: 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்'. கூடவே 'மோர்' (more) சேர்க்காதீர்கள்.

சரி, 'தேன்' எங்கே வரும்? 'வுட் ராதர்' (would rather) இருக்கும்போது: 'ஐட் ராதர் வாக் தேன் டிரைவ்' ('ஐ வுட்' என்பதன் சுருக்கம்தான் 'ஐட்'). இங்கே வினைச்சொல்லுக்கு முன் 'டு' கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு ஒன்று உண்டு. அடுத்தவரிடம் பணிவாக நம் விருப்பத்தைச் சொல்ல, 'ஐட் ராதர் யூ கேம் டுமாரோ' என்பார்கள். நாளைக்கு வரச் சொன்னாலும் வினை இறந்தகாலத்தில்தான் இருக்கும். இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், காது ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும்.