மூச்சோடு ஓடும் குறி: என் அனுபவம்

கல்லீரல் கட்டியை அல்ட்ராசவுண்ட் கதிர்களைக் குவித்துச் சுடும்போது பெரிய தொல்லை மூச்சுதான். சாதாரண மூச்சிலேயே கல்லீரல் 1 முதல் 2 செ.மீ. மேலும் கீழும் போய்வரும். அதைத் துரத்தும் மென்பொருள்தான் என் ஆய்வு.

விடுமுறைக்கு மலேசியாவிலுள்ள சுங்கை சிப்புட் வந்தபோது சோதனையையும் கையோடு கொண்டுவந்துவிட்டேன். கல்லீரலுக்குப் பதில் அகார் அகார் (கடற்பாசி ஜெல்லி), அதற்குள் கட்டிக்குப் பதில் ஒரு திராட்சை; மோட்டார் அதை 4 விநாடிக்கு ஒருமுறை 15 மி.மீ. ஆட்டும். "சாப்பிடற சாமானை ஏன்டா ஆட்டிக்கிட்டு இருக்க?" என்றார் அம்மா.

மென்பொருள் வைத்த குறி எப்போதும் திராட்சைக்கு 3 மி.மீ. வரை பின்தங்கியது. அளவுத்திருத்தம் (கருவி காட்டும் அளவைச் சரிசெய்து வைப்பது) பிசகு என்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினேன். அப்புறம் மோட்டாரின் வேகத்தை 8 விநாடிக்கு ஒருமுறை என்று குறைத்தேன். பிழை பாதியாகிவிட்டது! அளவுத்திருத்தத்தில் கோளாறு என்றால் வேகம் மாறினாலும் பிழை மாறாது. ஆக, இது தாமதம். படம் எடுத்து, கணக்குப் போட்டு, குவியத்தை நகர்த்துவதற்குள் கால் விநாடி போய்விடுகிறது.

அப்போதைய வேகத்தை வைத்துக் கால் விநாடி முன்கூட்டிக் கணித்தேன். நடுவில் சரியாக விழுந்தது, திரும்பும் இடத்தில் தாண்டிப் போனது. முந்தைய சில மூச்சுகளின் வடிவத்தையும் சேர்த்த பிறகே பிழை 1 மி.மீ.க்குள் அடங்கியது.

இருமலை எந்தக் கணிப்பாலும் பிடிக்க முடியாது. கணிப்பும் படமும் 2 மி.மீ.க்கு மேல் விலகினால் கதிர் உடனே நிற்கும்படி ஒரு வரி எழுதினேன். மேசையைத் தட்டிப் பார்த்தேன்; நின்றது.