பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது டெல்டாக்காரர்கள் செய்யும் தவறுகள்

"பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தாண்ணே ஓடியிருக்கு, மிச்ச நாளெல்லாம் ஷெட்டுலயேதான் நின்னுச்சு." தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். கேட்பவருக்கு பதினெட்டாயிரம் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. கவலைப்பட வேண்டியதோ இரண்டாவது பாதி. இந்த மாதிரி வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம். அதிலும் எங்கே, எதன் பக்கத்தில், எத்தனை மழைக்காலம் நின்றது என்பதைக் கேட்காமல் விலை பேசுவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் முதல் தவறு.

டெல்டாவில் இந்தக் கதை அடிக்கடி ஒரே மாதிரி இருக்கும். ஓனர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். ஆசைப்பட்டு ஒரு மினி கூப்பரோ, பி.எம்.டபிள்யூ. இசட்4-ஓ, போர்ஷே பாக்ஸ்டரோ வாங்கியிருப்பார். பொங்கலுக்கு ஊருக்கு வந்து இருபது நாள் ஓட்டுவார். அப்புறம் அடுத்த பொங்கல்வரை வண்டி கவரைப் போட்டுக்கொண்டு தூங்கும். நடுவில் யாராவது பேட்டரி இறங்காமல் இருக்க ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார்கள். அது உபகாரம் இல்லை, கெடுதல். இன்ஜின் சூடேறும் முன் அணைத்தால் உள்ளே உண்டாகும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும்.

டயரில் பூ அப்படியே இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். பூ தேயாமலே ரப்பர் கெட்டியாகிப்போன டயரை வைத்துக்கொண்டு நனைந்த சாலையில் 200 குதிரைத்திறனை நம்புவது விபரீதம். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் போடும் வண்டிகளில் நான்கையும் மாற்றும் செலவு நல்ல ஒரு பைக் விலையைத் தொடும். அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஷெட் எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன் இல்லையா, அதற்கு இன்னொரு காரணம் எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். ஷெட்டுக்குப் பக்கத்தில் வைக்கோல் போரோ நெல் மூட்டையோ இருந்தால் கேட்கவே வேண்டாம். பானெட்டைத் திறந்ததும் பளபளவென்று தெரியும் பிளாஸ்டிக் கவரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அந்தக் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் நெல் உமி, கிழிந்த பஞ்சு, கருப்பாகப் புழுக்கை கிடந்தால் அங்கே ஒரு குடும்பமே குடியிருந்திருக்கிறது. ஒயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புதிதாகக் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் இருந்தால், அது கம்பெனி சுற்றியதா, உள்ளூரில் ஒட்டுப்போட்டதா என்று கேளுங்கள். இந்த வண்டிகளில் ஒயரிங் முழுசாக மாற்றுவது இன்ஜின் வேலைக்கு இணையான தலைவலி.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வண்டிகள் மூழ்கியதை நாடே பார்த்தது. மூழ்கிய வண்டியை இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று கணக்கு முடித்து ஏலத்தில் விட்டால், எடுத்தவர் கழுவித் துடைத்து, வெள்ளம் தெரியாத ஊருக்கு ஓட்டிவந்து விற்கலாம். 'சென்னை வண்டி, அருமையான கண்டிஷன்' என்று யாராவது சொன்னால் முதலில் செய்யவேண்டியது சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுப்பது. தினமும் நாம் இழுப்பது முக்கால்வாசிதான். சுருளுக்குள் கிடக்கும் கடைசி அரை அடியைத் துவைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. அங்கே பழுப்பாகக் கோடு விழுந்திருந்தாலோ, கையில் மண் நெருநெருத்தாலோ கிளம்பிவிடலாம். அதற்குமேல் சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியின் மூலையில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் மங்கலான நீர்க்கோடு என்று பார்க்க நிறைய உண்டு. டேஷ்போர்டில் தூக்கலாக வாசனைத் திரவியம் அடித்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

வெள்ளம் வரவேண்டும் என்றுகூட இல்லை. கூரை திறக்கும் வண்டிகளில் மழைநீர் இறங்க மெல்லிய குழாய்கள் உண்டு. வேப்பமரத்தடியில் ஒரு ஐப்பசி, கார்த்திகை நின்றால் அந்தக் குழாய் சருகால் அடைத்துக்கொள்ளும். பழைய பாக்ஸ்டரில் அப்படி அடைத்த தண்ணீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைசர் யூனிட்டை, அதாவது சரியான சாவி இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் மின்னணுப் பெட்டியை, நனைத்துவிடும். அது போனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, சில சமயம் கதவுகூடத் திறக்காது. கார்ப்பெட்டை முழங்கையால் அழுத்திப் பாருங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் என்று கடலோரத்தில் இருந்த வண்டியானால் அடியில் பிரேக் பைப், சஸ்பென்ஷன் ஆர்ம், சைலன்சர் கிளாம்ப் எல்லாவற்றிலும் உப்புத் துரு பார்க்கவேண்டும்.

அடியில் எப்படிப் பார்ப்பது? வீல் அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோய் ஒரு தொகை கொடுத்து லிப்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நம் ஊர் வேகத்தடைகள் இந்தத் தாழ்வான வண்டிகளுக்காகப் போட்டவை அல்ல. ஊருக்குள் நுழையும்போது ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப் நசுங்கியிருக்கிறதா, வெல்டிங் வைத்திருக்கிறார்களா, அடித்தட்டு கயிறு போட்டுக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லிப்ட்டில் ஏற்ற மாட்டேன் என்று விற்பவர் முகம் சுளித்தால், விலையே பேசவேண்டாம்.

மேல்கூரை திறக்கும் வண்டியாக இருந்தால் நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது: மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டதா? நாதஸ்வரமும் தவிலும் முன்னால் போக, பின்னால் முதல் கியரில் நடை வேகத்தில் ஒரு மணி நேரம் நகர்வது கிளட்சுக்கும் கூலிங் ஃபேனுக்கும் பெரிய தண்டனை. கிலோமீட்டர் மீட்டரில் அது இரண்டு கிலோமீட்டராகத்தான் தெரியும். பின் பம்பர் ஓரத்தில் பூமாலை கட்டிய செல்லோடேப் பசை, சீட் இடுக்கில் ஜிகினாத் துகள் கிடைத்தால் பதில் கிடைத்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது, நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யவேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காபி குடித்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லலாம். ஆறிய இன்ஜினில்தான் உள்ளே ஓடும் டைமிங் செயினின் சத்தம், ஆயில் எரியும் நீலப்புகை எல்லாம் வெளிப்படும்.

போர்ஷே வாங்க வசதி இல்லாதவர்கள் தேடுவது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-இல் வந்த அந்த 1.2 லிட்டர் வண்டியில் டி.எஸ்.ஜி. எனும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி, ஆயிலில் நனையாத இரட்டைக் கிளட்ச் (உலர் கிளட்ச்) வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் அது சீக்கிரம் சோர்ந்துபோகும், கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டின் கோளாறுக்கும் அது பேர்போனது. இதைப் புறவழிச்சாலையில் நூறில் ஓட்டிப் பார்த்துவிட்டு 'வெண்ணெய் மாதிரி போகுது' என்று சொல்வது வீண். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் காலை பத்து மணிக்கு நுழையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா என்று பாருங்கள். நம் பக்கம் மேடே கிடையாது. ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி, ரிவர்ஸிலும் முன்னாலும் நகர்த்திப் பாருங்கள். 2020-இல் வந்த 1.0 லிட்டர் ஜி.டி.யில் உலர் கிளட்ச் இல்லாமல் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆறு கியர் பெட்டி என்பதால் இந்தப் பயம் இல்லை.

பாக்ஸ்டர் என்றால் ஆண்டு முக்கியம். 2008 வரை வந்த இன்ஜின்களில் உள்ளே சுழலும் ஒரு துணைத் தண்டைத் தாங்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்று ஒன்று உண்டு. அது உடைந்தால் இன்ஜினே போய்விடும். 2009 முதல் வந்த இன்ஜினில் அந்த ஷாஃப்ட்டே இல்லை. விலை கொஞ்சம் கூடினாலும் 2009 முதல் வந்ததைப் பாருங்கள் என்பது என் கருத்து. எதுவானாலும் ஓனர் செலவில் இல்லாமல் உங்கள் செலவில், நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் காட்டுங்கள். வண்டியைச் சென்னைக்கு அனுப்பி அந்தந்தக் கம்பெனி சர்வீஸில் ஸ்கேன் செய்தால், பல யூனிட்டுகளில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று தெரியும். மேனுவல் கியர் போர்ஷேயில் தப்புக் கியர் போட்டு இன்ஜினை எல்லைமீறிச் சுழற்றிய பதிவும் கிடைக்கும். உள்ளூரில் வண்டியின் கோளாறுப் பதிவைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் போட்டு 'ஒரு எரரும் இல்லை' என்று காட்டினால் உடனே நம்பவேண்டாம். முதல் நாள் எரரை அழித்திருந்தால், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினெஸ் டெஸ்ட்டுகள் முடியாமல் நிற்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சக்தியைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றியது (ரீமேப்), சைலன்சர் மாற்றியது, ஸ்டிக்கர் ஒட்டி நிறம் மாற்றியது எல்லாம் விற்பவருக்குப் பெருமை, உங்களுக்குத் தலைவலி. கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் கேளுங்கள். நிறம் மாறியிருந்தால் ஆர்.சி.யிலும் மாறியிருக்கவேண்டும்.

காகிதத்தில் டெல்டாக்காரர்கள் தடுக்கி விழும் இடம் காரைக்கால். நம் மாவட்டங்களுக்கு நடுவே இருந்தாலும் அது புதுச்சேரி, வண்டி எண் பி.ஒய். 02 என்று தொடங்கும். அங்கே சாலை வரி குறைவு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம் என்பதால் விலை உயர்ந்த வண்டிகளை அங்கே பதிவுசெய்யும் ஆசை புரிகிறது. ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கத்திய எண் வாங்கவேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்றும் (என்.ஓ.சி.) வேண்டும், இங்கத்திய வரியும் கட்டவேண்டும். வண்டி மலிவாகத் தெரிந்ததற்குக் காரணம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஃபைனான்ஸ் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கி என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35-உம் கையில் வரவேண்டும். அரசின் பரிவாஹன் தளத்தில் எண்ணைப் போட்டால் ஃபைனான்ஸ், இன்ஷூரன்ஸ், அபராத நிலுவை தெரியும். ஓனர் கையெழுத்து மட்டும் போட்ட வெற்று ஃபார்ம் 29, 30 (பெயர் மாற்றும் படிவங்கள்) புரோக்கர் கையில் இருந்தால் ஆர்.சி.யில் உள்ளவரை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாதவருக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி, எத்தனை என்று பாருங்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரும். ஆறு வருடம் வைத்திருந்தவர் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், என்ன கிளெய்ம் என்று கேட்பதில் தப்பில்லை. அந்த போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டியோடு வராது.

எல்லாம் முடிந்து வண்டியை எடுத்துவரும் நாள் அறுவடைக் காலமாக இருந்தால், குறுக்கு வழி என்று கிராமச் சாலையில் வராதீர்கள். பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். தாழ்வான வண்டியின் அடியில் வைக்கோல் சிக்கிக்கொண்டு சூடான சைலன்சரில் ஒட்டினால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. கொஞ்சம் சுற்றானாலும் திருச்சி, தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையில் வாருங்கள், நிறுத்தியதும் ஒருமுறை குனிந்து அடியில் பாருங்கள்.