குரூசர் பைக் வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்

நாலுவழிச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எந்த குரூசரும் நல்ல வண்டிதான். அகலமான சீட், முன்னால் நீட்டி வைத்த கால், மார்புக்கு நேராக வரும் ஹேண்டில்பார், அடிவயிற்றில் இழுக்கும் இன்ஜின் எல்லாம் அந்த வேகத்துக்காகச் செய்தவைதான். அதனால் அங்கே ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பதில் பெரிய பயன் இல்லை. தினமும் ஆபீசுக்கும், அவ்வப்போது ஏலகிரிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகவும் ஒரே வண்டி என்றால், அது நிற்கும்போது எப்படி, ஊர்ந்து போகும்போது எப்படி என்றுதான் பார்க்க வேண்டும். வாங்கிய பிறகு வருகிற புலம்பல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பார்க்காமல் விட்டதால் வருபவை.

முதல் சறுக்கல் சீட் உயரத்தில். 'எனக்கு உயரம் கம்மி, குரூசர்னா ரெண்டு காலும் தரையில ஊனும்' என்று சொல்லி வாங்குகிறவர்கள் நிறைய. கால் ஊனும்தான். ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350-இன் சீட் உயரம் 765 மி.மீ., சூப்பர் மீட்டியர் 650-க்கு 740 மி.மீ. அப்படியானால் பெரிய வண்டிதான் குள்ளமானவருக்குத் தோது என்று தோன்றும். எடையைப் பாருங்கள்: சின்னது 191 கிலோ, பெரியது 241 கிலோ. ஓடும்போது இந்த ஐம்பது கிலோ வித்தியாசம் தெரியவே தெரியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், சுவரைப் பார்த்து இறங்கும் சரிவில் நிறுத்திய வண்டியைக் காலையில் பின்னால் தள்ளி எடுக்கும்போது தெரியும். பாதம் முழுதாக ஊன்றியிருந்தாலும் டைல்ஸ் தரையில் செருப்பு வழுக்கும். பக்கத்து ஸ்கூட்டருக்கும் உங்கள் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்தான் இடம் இருக்கும். வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஷோரூமில் சாவியைத் திருப்பும் முன் இதைச் செய்துவிடுங்கள். இன்ஜினை அணைத்த நிலையில் வண்டி மேல் உட்கார்ந்து, காலால் உந்தி இருபதடி பின்னால் கொண்டு போங்கள். கொஞ்சம் மேடாக இருந்தால் இன்னும் நல்லது. பிறகு இறங்கி, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளி ஒரு வட்டம் அடியுங்கள். விற்பனையாளர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது, முதுகு. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. சாதாரண பைக்கில் ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்குக் கீழே இருப்பதால், பள்ளம் வரும்போது காலை ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறோம். அது அனிச்சையாக நடக்கிறது. குரூசரில் கால் முன்னால் இருக்கிறது; எழுந்திருக்க வழியில்லை. பள்ளத்தின் அடி நேராக வால் எலும்புக்குப் போய் அங்கிருந்து முதுகுத்தண்டில் ஏறும். நெடுஞ்சாலையில் சொகுசாக இருக்கும் அதே அமர்வுதான் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட சாலையில் தண்டனையாகிறது. ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் 'நிமிர்ந்து உட்காரலாம், முதுகுக்கு நல்லது' என்ற பேச்சை நம்பி இறங்க வேண்டாம். மீட்டியரில் இருக்கும் அதே 349 சிசி இன்ஜின்தான் அதே கம்பெனியின் கிளாசிக் 350-லும் இருக்கிறது. ஹோண்டாவின் ஹைனெஸ் சிபி350 அதே அளவில் இன்னொரு வண்டி. எடை 181 கிலோ. கிளாசிக், ஹைனெஸ் இரண்டும் குரூசர் கணக்கில் சேராதவை. சீட் 800 மி.மீ. அளவில் இருக்கும், கால் கிட்டத்தட்ட இடுப்புக்குக் கீழேயே இருக்கும். தினசரி ஓட்டம் மோசமான சாலையில் என்றால், ஆசைப்பட்ட வண்டியோடு இவற்றில் ஒன்றையும் அதே நாளில் ஓட்டிப் பார்ப்பது நியாயம்.

அடுத்து வேகத்தடை. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருவில் இருப்பது அதுவா? இரவோடு இரவாக யாரோ கொட்டிய தார் மேடு. சூப்பர் மீட்டியரின் தரை இடைவெளி 135 மி.மீ.; இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர். பின்னால் ஆளும் பையும் ஏறினால் வண்டி இன்னும் தாழும், அடிப்பகுதி உரசும். மீட்டியர் 350-க்கு 170 மி.மீ. இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. சக்கர இடைவெளி நீளமாக இருப்பது மலையிலும் வேலையைக் காட்டும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நீளமான, கனமான வண்டியைத் திருப்பி ஏற்றலாம், முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் ஏறி முடிக்கும்போது தோள்பட்டை ஞாபகப்படுத்தும்.

சிசி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 'டூர் போகணும்னா 650 வேணும்' என்பது ஒன்று. தனியாக, எண்பது எண்பத்தைந்தில் போகிறவருக்கு 350 தாராளம். 20 குதிரைத்திறன்தான் என்றாலும் 27 நியூட்டன் மீட்டர் இழுவை, இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுவதால் டிராஃபிக்கில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. '350 எதுக்கும் போதும்' என்பது மற்றொன்று. மனைவியையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ்ஸை முந்தப் பார்த்தால் அந்த வாக்கியத்தின் எல்லை புரியும். அப்படிப்பட்ட பயணம்தான் உங்களுக்கு அதிகம் என்றால் பெரிய இன்ஜினுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

எவ்வளவு காசு என்பதை மட்டும் இன்றைய கணக்கில் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக ஏறியது. பழைய வீடியோக்களில் 'இன்னும் கொஞ்சம் போட்டா 650 வாங்கிடலாமே' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாம் நபர் இன்சூரன்சும் 350 சிசியைத் தாண்டினால் இரு மடங்குக்கு மேல், புது வண்டிக்கு அதை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். மைலேஜும் அப்படியே: 350-இல் லிட்டருக்கு முப்பத்தைந்தை ஒட்டிக் கிடைப்பது 650-இல் இருபத்தைந்தை ஒட்டி நிற்கும்.

சக்கரத்தில் அழகு பார்க்காதீர்கள். ஸ்போக் வீல் கண்ணுக்கு லட்சணம்தான், ஆனால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். ராமநாதபுரம் தாண்டி ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றித்தான் பஞ்சர் ஒட்ட முடியும். அலாய் வீலில் டியூப்லெஸ் டயர் என்றால் ஒரு பஞ்சர் கிட்டும் கைபம்பும் போதும், கால் மணி நேரத்தில் கிளம்பலாம். பட்ஜெட் குறைவு என்று பழைய பஜாஜ் அவெஞ்சர் 220 பார்ப்பவர்கள் அதில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருந்தாலும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின்னால் டிரம் பிரேக் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பின்னால் உட்காரப் போகிறவரை ஷோரூமுக்கு அழைத்துப் போகாமல் வாங்குவது நம் ஊரில் ரொம்பச் சாதாரணம். பல குரூசர்களில் முன் சீட் சோபா மாதிரி, பின் சீட் பலகை மாதிரி. அம்மா சேலையில் ஒருபக்கமாக உட்காருபவர் என்றால் பின் சீட்டின் அகலம், சேலை கார்டு, காலை வைக்கும் தட்டு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி நான்கையும் அவரையே உட்காரவைத்துப் பாருங்கள். நெட்டில் பார்த்து ஆசைப்பட்ட உயரமான பேக்ரெஸ்ட் இப்படி உட்காருகிறவருக்கு இடைஞ்சல்தான்.

டெஸ்ட் ரைடை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேலைநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கேளுங்கள், முடிந்தால் சித்திரை வெயில் காலத்தில். ஐந்தாறு சிக்னல் நின்று போனால் இன்ஜின் சூடு தொடையில் எவ்வளவு ஏறுகிறது, கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு என்ன சொல்கிறது, ஆட்டோவுக்கும் மீடியனுக்கும் நடுவே ஹேண்டில்பார் நுழைகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.