பழம்பொரி தின்ற மறுநாள்: எடை குறைப்பவர்களுக்கு ஒரு கணக்கு

எடை குறைக்க ஆரம்பித்தவர் சாயங்காலம் சாயாக்கடையில் சூடாக ஒரு பழம்பொரி (மாவில் முக்கிப் பொரித்த நேந்திரம்பழம்) தின்றார் என்று வைத்துக்கொள்வோம். தின்று முடிக்க ஐந்து நிமிஷம் போதும். அதற்குப் பிறகு நடப்பதுதான் எடையைக் கெடுக்கிறது. "எல்லாம் போச்சு, இனி இன்னைக்கு என்ன பத்தியம்" என்று ராத்திரி இரண்டு பரோட்டா உள்ளே போகும். மறுநாள் காலை பிராயச்சித்தமாகப் பட்டினி. பதினொரு மணிக்குக் கை நடுங்கி, டப்பாவில் இருக்கும் சிப்ஸ் காலி. இப்படி ஒரு பழம்பொரி ஆயிரத்துச் சொச்சம் கலோரியாகப் பெருகிவிடுகிறது.

இதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். 1975-இல் ஹெர்மன், மேக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வந்தவர்களில் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லாருக்கும் ஐஸ்கிரீம் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் பத்தியத்தில் இருப்பவர்களோ, மில்க்ஷேக் குடித்த பிறகு கூடுதலாகத் தின்றார்கள். 2014-இல் நியூசிலாந்தில் வந்த இன்னொரு ஆய்வில், சாக்லேட் கேக் என்றதும் 'குற்றம்' என்று நினைப்பவர்கள், 'கொண்டாட்டம்' என்று நினைப்பவர்களைவிட ஒன்றரை ஆண்டுக் காலத்தில் எடையைத் தக்கவைப்பதில் பின்தங்கியிருந்தார்கள். ஆக, மனசை வருத்திக்கொள்வதால் எடை குறைவதில்லை.

முதலில் ஒரு பழம்பொரியைப் பிரித்துப் பாருங்கள்

பாதி ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) 70 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய 85 கலோரி. மேலே போர்த்திய மைதா 20 கிராமுக்கு 70. மாவில் சேர்க்கும் சர்க்கரைக்கு ஒரு 20. குடித்த எண்ணெய் 8 கிராம் என்றால் 72. மொத்தம் 250-ஐ ஒட்டி வரும். பழம் குற்றவாளி இல்லை. பாதிக்கு மேல் மாவும் எண்ணெயும்தான். ஓரத்தில் பாவாடைபோல விரிந்து மொறுமொறுவென்று நிற்கும் மாவு இருக்கிறதே, எண்ணெயை அதிகம் பிடித்து வைப்பது அதுதான். அதை மட்டும் பிய்த்துப் போட்டாலே 40, 50 கலோரி குறையலாம். தாளில் வைத்து அமுக்கினால் மேலே நிற்கும் எண்ணெய் போகும். உள்ளே இறங்கியது போகாது.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு ஏற சுமார் 7700 கலோரி மிச்சப்பட வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பழம்பொரி முழுக்கவே கூடுதல் என்றாலும் ஏறுவது 32, 33 கிராம். அவ்வளவுதான். மறுநாள் தராசு முக்கால் கிலோ, ஒரு கிலோ கூட்டிக் காட்டுகிறதே என்றால், அது பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜனாக (சேமிப்புச் சர்க்கரையாக) சேரும்போது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்துவைக்கும். உப்பு போட்ட சிப்ஸும் அப்படித்தான். இரண்டு மூன்று நாளில் அது தானாக இறங்கிவிடும். அதனால் விருந்துக்கு மறுநாள் தராசில் ஏறாதீர்கள். மற்ற நாட்களில் காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் ஒன்று, ஒன்றரை கிலோ கூடிக் காட்டுவது சகஜம். அதைச் சிப்ஸ் கணக்கில் எழுத வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு ஒதுக்கீடு

தீனியை அடியோடு விலக்குவதாகச் சபதம் எடுத்தால், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் அது ஒரு வாரம் தாங்காது. ஒரு கல்யாணம், ஒரு கோயில் கொடை, ஒரு திருநாள் வரும்; இல்லாவிட்டால் திருவனந்தபுரத்திலிருந்து உறவுக்காரர் பலகாரப் பொதியோடு இறங்குவார். ஆகவே கணக்கிலேயே இடம் விட்டுவிடுவது நல்லது. நாளுக்கு 1500 கலோரி உங்கள் இலக்கு என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, 150. வாரத்துக்கு 1050. இதை நாள் வாரியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. வேண்டிய நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு தோராயக் கணக்கு (அளவும் கடையும் மாறினால் இதுவும் மாறும்):

- ஏத்தங்காய் சிப்ஸ், 30 கிராம்: 150 முதல் 160
- பழம்பொரி, ஒன்று: 220 முதல் 260
- முந்திரிக்கொத்து (சிறுபயறு உருண்டை), ஒன்று: 120 முதல் 150
- அச்சு முறுக்கு, ஒன்று: 70 முதல் 80
- பாயசம், 150 மில்லி: 250 முதல் 300
- பரோட்டா, சால்னா இல்லாமல் ஒன்று: 300 முதல் 350

வாரத்தில் இரண்டு பழம்பொரி 500, ஒரு டம்ளர் பாயசம் 300, சிப்ஸ் 40 கிராம் 210. மொத்தம் 1010. எல்லாம் தின்றும் கணக்கு உள்ளேயே நிற்கிறது. முன்கூட்டியே ஒதுக்கி வைத்ததைச் செலவழித்தவருக்குக் குற்ற உணர்வு வர வழியில்லை. மாதச் சம்பளத்தில் பண்டிகைத் துணிக்கு எடுத்து வைத்தவர், துணி எடுத்த பிறகு யாரும் அழுவதில்லை.

இதில் இடறி விழும் இடம் சிப்ஸ். பழம்பொரியை எண்ணலாம், சிப்ஸை யாரும் எண்ணுவதில்லை. கால் கிலோ பொட்டலத்தில் 1300 கலோரி இருக்கிறது, அதாவது ஒரு வாரத்து ஒதுக்கீடு முழுக்கப் போய், மேலே கொஞ்சமும் போகும். பொட்டலம் வீட்டுக்கு வந்த உடனேயே, பசி இல்லாத நேரத்தில், சமையலறைத் தராசில் 30 கிராம் வீதம் எட்டுப் பங்காகச் சின்னக் கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். தராசு இல்லையென்றால் ஒரு தடவை மட்டும் கடையில் எடைபோடச் சொல்லி, அது ஒரு கிண்ணத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

தேங்காய் எண்ணெயில் பொரித்தது என்பதால் கலோரி குறையாது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். வெல்லம் பூசிய ஏத்தங்காய் வறுவலான சர்க்கரை உப்பேரிக்கும் இதே கதை. வெல்லமும் சீனியும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்று. காலையில் வெந்நீரில் ஒரு பெரிய கரண்டி மார்த்தாண்டம் தேன் விட்டுக் குடித்தால் 60 கலோரி. குடிக்க ஆசையென்றால் குடியுங்கள். எடை குறையும் என்று நம்பிக் குடிக்காதீர்கள்.

குறைக்க வேண்டியது வேறு இடத்தில்

பழம்பொரிக்காக வருத்தப்படுபவர்களில் பலர் சாயாவை மறந்துவிடுவார்கள். ஒரு சாயாவுக்கு இரண்டு கரண்டி சீனி, நாளுக்கு நாலு சாயா. எட்டுக் கரண்டி, 40 கிராம், 160 கலோரி. வாரத்துக்கு 1120. தீனி ஒதுக்கீடு முழுவதையும் இது ஒன்றே விழுங்கிவிடும், அதுவும் ருசி பார்த்த ஞாபகம்கூட இல்லாமல். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. 1500-க்கு அது 37 கிராம். சாயாவிலேயே அது தாண்டிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். கட்டன்சாயாவில் (பால் விடாத சாயா) ஏலக்காயோ சுக்கோ தட்டிப் போட்டால் இன்னும் எளிது.

அடுத்தது அடுக்களை. தாளிக்க எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேரே சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஒரு சின்னக் கரண்டி, 5 கிராம், 45 கலோரி. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் குழம்பும் சாப்பிடுகிற நாளில் கிழங்கோடு சோறும் வேண்டுமா என்று ஒரு தடவை யோசித்தால் போதும்.

தின்னும் விதம்

வெறும் வயிற்றில் தீனி தின்றால் ஒன்றோடு நிற்காது. மத்தியானம் மீனோ முட்டையோ பயறோ சேர்த்துச் சாப்பிட்டிருந்தால் நாலு மணிக்கு ஒரு பழம்பொரி போதும் என்று தோன்றும். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு சாயாக்கடைக்குள் நுழைந்தால் கை தானாக இரண்டாவதை எடுக்கும். தட்டில் வைத்து, உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் தின்னுங்கள். முக்கியமாக, நாலு பேர் பார்க்கத் தின்னுங்கள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவசரமாக விழுங்குவதில் அளவும் தெரியாது, ருசியும் தெரியாது, குற்ற உணர்வு மட்டும் இரட்டிக்கும். ரொம்பவும் பிடித்ததைத் தின்னுங்கள். பிடிக்காத கேக்கை மரியாதைக்காகத் தின்று 300 கலோரியைத் தொலைப்பதுதான் உண்மையான நஷ்டம்.

விருந்தில் கவனிக்க வேண்டிய இடம் பாயசம் இல்லை, சோற்றின் சுற்று. பருப்புக்கு ஒரு முறை, சாம்பாருக்கு ஒரு முறை, பிறகு பாயசம், அதன் பின் புளிசேரிக்கும் (மோர்க்குழம்பு) ரசத்துக்கும் மோருக்கும் மறுபடி சோறு. ஒரு அகப்பை, 100 கிராம் சோறு, 130 கலோரி. பாயசத்துக்குப் பிறகு வரும் சோற்றை இலையை மறைத்துத் தடுத்துவிட்டு, ரசத்தையும் மோரையும் உள்ளங்கையில் வாங்கிக் குடியுங்கள். திகட்டலும் தீரும். அவியல், தோரன் (பொரியல்), தயிர்க் கிச்சடி எல்லாம் இரண்டாம் முறை வாங்கலாம், ஆனால் இவற்றில் தேங்காய் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பிரதமனும் பருப்புப் பாயசமும் பால் பாயசமும் வரிசையாக வந்தால், பிடித்த ஒன்று முழுதாக, மற்றவை ருசிக்கு ஒரு வாய். பால் பாயசத்தில் போளியைப் பிசைவீர்கள் என்றால் அதற்கு ஈடாக பருப்புச் சோற்றைப் பாதியாகக் குறையுங்கள்.

கட்டாயப்படுத்துகிறவர்களிடம் பத்தியம் பற்றிப் பேசாதீர்கள். "டயட்" என்று வாய் திறந்தால் பந்தி முழுக்க அதுதான் பேச்சு. "இன்னும் ஒண்ணு எடுத்துக்கோ மக்களே" என்று சித்தி சொன்னால், "வயிறு நெறஞ்சாச்சு சித்தி, ரெண்டு பொதிஞ்சு தாங்க, நாளைக்குத் தின்னுக்கிடுதேன்" என்று சொல்லுங்கள். அவருக்கும் மனசு நிறையும். பொதி வீட்டுக்கு வந்ததும் நாளைய ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

அளவு மீறிவிட்டால்

1. அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். இரண்டு இட்லியோடு ஒரு முட்டை, அல்லது அவித்த சிறுபயறு ஒரு கிண்ணம். பட்டினி போட்டால் சாயங்காலம் கை மீறும்.

2. தின்றதை ஒரு வரியில் எழுதுங்கள்: என்ன, எவ்வளவு, எந்த நேரம், அதற்கு முன் எப்போது சாப்பிட்டீர்கள். "தப்பு", "பாவம்" என்ற சொற்கள் அதில் வேண்டாம். இரண்டு வாரம் எழுதினால் பெரும்பாலும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அநேகமாக அது தவறவிட்ட மத்தியானச் சாப்பாடு, அல்லது தூக்கம் கெட்ட இரவு.

3. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடங்கள். ரத்தச் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் மட்டுப்படும். தண்டனையாக ஓட வேண்டாம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் செலவாவது சுமார் 245 கலோரி, ஒரு பழம்பொரிக்கு நேர். இந்தப் பேரத்தில் யாரும் ஜெயித்ததில்லை, முழங்கால்தான் வலிக்கும்.

4. மீறியது 600, 700 கலோரிக்கு மேல் என்றால் அந்த வாரம் மிச்ச ஒதுக்கீட்டில் கழித்துக்கொள்ளுங்கள். அதிலும் அடங்காவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரத்துக்குக் கடனைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு நாளும் அடையாது.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் ஈடுகட்டப் பட்டினி கிடப்பது ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கும். அவர்களுடைய ஒதுக்கீட்டை மருத்துவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் 1500 கலோரிக் கணக்கு பொருந்தாது.

கட்டுக்கடங்காமல் வயிறு வலிக்க வலிக்கத் தின்பது வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அது ஆசைத் தீனியின் கணக்கில் வராது. தின்றதை வாந்தி எடுப்பது, பேதி மருந்து எடுப்பது இருந்தால் மூன்று மாதம் காத்திருக்கவே வேண்டாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.