பஸ்தீய் குன்றில் நகரத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள்

பிரான்சின் கிரெனோபிள் நகரில், இசேர் ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தாக எழும்புகிறது பஸ்தீய் குன்று. மேலே உள்ள கோட்டை கடல் மட்டத்திலிருந்து 476 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பலர் 1789-இல் பாரிஸ் மக்கள் கைப்பற்றிய சிறையோடு இதை முடிச்சுப் போடுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் பெரிய தவறு வேறு. உருண்டைக் கண்ணாடிக் குமிழ்களாகத் தொங்கும் கேபிள் காரில் சில நிமிடத்தில் மேலே போய், நகரத்தைப் பார்த்து நாலு படம் எடுத்து, அடுத்த பெட்டியிலேயே இறங்கிவிடுகிறார்கள். 1934 முதல் ஓடும் அந்தக் கேபிள் கார் அருமையானதுதான். ஆனால் கோட்டையின் உயிர் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கிறது.

இதைக் கட்டத் தொடங்கிய 1820களில் பக்கத்துப் பகுதியான சவாய் இன்னும் பிரான்சோடு சேரவில்லை. சார்டினிய அரசின் கையில் இருந்தது. எதிரி பின்னாலிருக்கும் மலை வழியாக இறங்கி வந்துவிட்டால்? கோட்டையைத் திட்டமிட்ட தளபதி ஹாக்ஸோவின் கவலை அதுதான். அதனால்தான் தடித்த மதிலும் அகழியும் துப்பாக்கித் துளைகளும் மலையைப் பார்த்து நிற்கின்றன. ஒரு துளையில் கண்ணை வைத்துப் பாருங்கள். நகரம் தெரியாது, எதிரே சரிவுதான் தெரியும். 1860-இல் சவாய் பிரான்சோடு இணைந்தது. எல்லையும் தள்ளிப் போய்விட்டது. இந்தக் கோட்டை ஒரு முற்றுகையைக்கூடச் சந்தித்ததில்லை.

கொஞ்சம் மேலே ஏறினால் பாறையைக் குடைந்த மாந்த்ரான் குகைகள். கடத்தல்காரர் மாந்த்ரான் இங்கே ஒளிந்திருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது 1755-இல். குகைகளை ராணுவம் வெட்டியது 19ஆம் நூற்றாண்டில். உள்ளே இருட்டு, கையில் விளக்கு வேண்டும்.

அப்புறம், நேரம். காலையில் சூரியன் கிழக்கே பெல்டோன் மலைத்தொடருக்குப் பின்னால் நிற்பதால் சிகரங்கள் வெறும் நிழலாகத் தெரியும். மாலை வெயில் நேராக அவற்றின் மேல் விழும். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் ஆல்ப்ஸின் மிக உயரமான சிகரமான மோன் பிளாங்கும் தெரியும்.

ஜனவரியில் பராமரிப்புக்காகக் கேபிள் காரை நிறுத்துவது வழக்கம், தேதி பார்த்துக் கிளம்புங்கள். நடந்து இறங்குவதானால் நல்ல பிடிமானமுள்ள ஷூ வேண்டும். மழை பெய்த சுண்ணாம்புக்கல் படி வழுக்கும். கடைசிப் பெட்டி எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.