பெயருக்கு மட்டும் ஒரு போக்குவரத்து மேலாளர்: பிரிட்டனில் லாரி நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனத்துக்கு ஸ்டாண்டர்டு வகை ஆபரேட்டர் லைசென்ஸ் வேண்டும். அதற்குத் தகுதிபெற்ற போக்குவரத்து மேலாளர் ஒருவர் இருந்தாக வேண்டும். சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றுவோருக்கான ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸில் இந்தக் கட்டாயம் இல்லை என்பதால், அதை வைத்துக்கொண்டே அவ்வப்போது அடுத்தவர் சரக்கையும் வாடகைக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. அது சட்டமீறல்.

தகுதிச் சான்றிதழிலும் குழப்பம் நேர்கிறது. ஓட்டுநர்களுக்கான சி.பி.சி. (தொழில்முறைத் தகுதிச் சான்றிதழ்), 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சியால் புதுப்பிக்கப்படுவது, மேலாளருக்கான சி.பி.சி. தனித் தேர்வு எழுதிப் பெறுவது. முன்னது பின்னதற்கு ஈடாகாது. மேலாளரின் சான்றிதழ் காலாவதியாவதில்லை என்பது வசதிதான். ஆனால் எப்போதோ தேர்வு எழுதியவர் மாறிவரும் விதிகளைத் திரும்பிப் பார்க்காமலிருக்க அதுவே சாக்காகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சான்றிதழ் உள்ள ஒருவரின் பெயரை மட்டும் உரிமத்தில் போட்டுவிட்டு, வண்டிகளை முதலாளியே தம் விருப்பப்படி ஓடவிடுவது. போக்குவரத்தைத் தொடர்ந்தும் திறம்படவும் நிர்வகிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. வெளியிலிருந்து பணியாற்றும் மேலாளர் அதிகபட்சம் 4 நிறுவனங்களையும் மொத்தமாக 50 வண்டிகளையும் கவனிக்கலாம். இது உச்சவரம்பே தவிர, எல்லோருக்கும் கிடைக்கும் உரிமையன்று, இந்த உரிமங்களை வழங்கும் அதிகாரியான டிராஃபிக் கமிஷனர் இதைக் குறைக்கலாம்.

மேலாளர் உண்மையில் வேலை செய்கிறாரா என்பதைக் கோப்புகளே சொல்லிவிடும். ஓட்டுநர் தினமும் வண்டியைச் சுற்றிப் பார்த்துக் 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கொடுத்திருப்பார். அதே வாரப் பட்டறை அறிக்கையில் டயர் 1 மி.மீ. வரம்புக்கும் கீழே தேய்ந்திருப்பதாகப் பதிவாகியிருக்கும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்து ஓட்டுநரைக் கேட்காத மேலாளர், அவற்றைக் கோப்பில் சேர்க்கும் எழுத்தர் மட்டுமே. ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதிவுசெய்யும் டேக்கோகிராஃப் கருவியிலும் இதே கதைதான்: அதில் செருகும் ஓட்டுநர் அட்டையை 28 நாளுக்குள்ளும் வண்டிக் கருவியை 90 நாளுக்குள்ளும் பதிவிறக்கினால் போதும் என்று நினைத்து, நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட ஓய்வு தவறியதா என்று ஆராயாமல் விடுகிறார்கள். தவறியிருந்தால், தாம் வகுத்த நேர அட்டவணையே அதற்குக் காரணமா என்பதையும் மேலாளர் பார்க்க வேண்டும்.

மேலாளர் விலகினால், நிறுவனம் 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மாற்று ஆளைத் தேட, கமிஷனர் 6 மாதம் வரை அவகாசம் தரக்கூடும். விலகியவரும் தம் பங்குக்கு எழுதிவிடுவது நல்லது. இல்லையேல் தாம் பார்க்காத வண்டிகளுக்கும் உரிமத்தில் அவர் பெயரே நின்றுகொண்டிருக்கும்.